முகீமா, முஸாபிரா? தீவுகளில் பாடம் சொல்லும் நம் ஆசிரியர்கள்



சபராளி என்றதும் நம் குடும்பங்களின் நினைவு துபாய்க்கும் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. நம் கரைக்கு மிக அருகில் கிடக்கும் மாலத்தீவுக்குப் போவதில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலேயில் இறங்கிவிடலாம். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் நெடுங்காலமாக அங்குப் போய்வருகின்றன. நம் தோணியை அவர்களும் 'தோனி' என்றே அழைக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களின் சமையலறையில் மணக்கும் மாசியும் அத்தீவுகளின் சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்ததுதான்.

அந்தத் தீவுகளின் பள்ளிக்கூடங்களில் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கணக்கியல் முதலிய பாடங்களைக் கற்பிக்கும் வெளிநாட்டவருள் தமிழகத்தார், கேரளத்தார், இலங்கையர் ஆகியோரே பெரும்பகுதி. திவேஹி மொழியையும் இஸ்லாம் பாடத்தையும் மண்ணின் ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். பிற பாடங்கள் ஆங்கில வழியில், சாதாரண நிலைத் தேர்வை நோக்கி நடைபெறுகின்றன. பி.எட். முடித்து, தகுதித் தேர்வு எழுதி, அரசுப் பணிக்குக் காத்திருந்து, அதுவரை தனியார் பள்ளியின் சொற்பச் சம்பளத்தில் காலந்தள்ளியவர்களே எங்களில் மிகுதி. இரண்டு ஆண்டு போய்வரலாம் என்று புறப்பட்டு, பத்து ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு என அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். அவர்களைக் குறித்தும், அவர்களை அனுப்பிவிட்டு இங்கிருக்கும் நம் குடும்பங்களைக் குறித்தும் சில எண்ணங்களை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

எங்கள் கேள்வி, தொழுகையில் தொடங்கும் ஒரு கேள்விதான். அவ்வாசிரியர் முகீமா, முஸாபிரா? ஊரில் தங்கியவரா, பயணத்தில் இருப்பவரா?

ஃபிக்ஹு நூல்கள் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டன. ஷாஃபி மத்ஹபின்படி, ஓரிடத்தில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுமையாய் நான்கு நாட்கள் தங்க எண்ணியவர் அங்கு முகீம் ஆகிவிடுகிறார். ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை பதினைந்து நாட்கள். ஆக, ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தீவில் கால்வைத்த ஆசிரியர், கடற்கரை ஊர்களின் மரைக்காயராயினும் உள்நாட்டின் ராவுத்தராயினும், அங்கே நான்கு ரக்அத்தை நான்காகவே தொழ வேண்டியவர். விடுமுறையில் சொந்த ஊருக்கு வந்தாலும் அப்படியே. பிறந்து, மணந்து, குடும்பம் வைத்திருக்கும் ஊரை ஹனஃபி அறிஞர்கள் 'வதனுல் அஸ்லி' என்கிறார்கள். ஒரேயொரு நாள் தங்க வந்தாலும் அங்குக் கஸ்ரு இல்லை. அப்படியானால் இவர் பயணியாய் இருப்பது விமானத்திலும் படகிலும் மட்டுமே.

மார்க்கம் இரண்டு இடத்திலும் அவரை ஊர்க்காரர் என்கிறது. நடைமுறையில் அவர் இரண்டு இடத்திலும் பயணியாகவே வாழ்கிறார் என்பதே நம் குறை.

முதலில் தீவைப் பார்ப்போம். ஏறத்தாழ 1,200 தீவுகள் வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்க, மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவே. சுற்றுலா விளம்பரங்களில் காணும் நீலக்குளமும் மரவீடும் எங்களுக்கு உரியவை அல்ல. ஆசிரியர் போய்ச் சேர்வது, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய சிற்றூர். வெண்மணல் தெரு, பவளக்கல் மதில், வீட்டு வாசலில் கயிறு பின்னிய 'ஜோலி' இருக்கைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சுகாதார நிலையம், இரண்டோ மூன்றோ கடை. காய்கறி படகில் வந்தால்தான் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் படகும் இல்லை, தக்காளியும் இல்லை. நிலத்தடி நீர் உப்புக் கரிப்பதால் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே முஸ்லிம் ஆசிரியருக்கு அங்கே கிடைக்கும் ஒரு பேற்றை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. எத்தீவில் இறங்கினாலும் பள்ளிவாசல் நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. பாங்கு கேட்கிறது, ஜும்ஆவுக்கு விடுமுறை உண்டு, உணவில் ஹலாலா என்ற ஐயம் எழுவதில்லை. எங்களோடு அதே விடுதியில் தங்கிப் பணிசெய்யும் இந்து, கிறித்தவ ஆசிரியர்களோ தங்கள் வழிபாட்டை வெளியில் நடத்த அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. பண்டிகை நாளன்றும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மௌனமாகத் தொழும் அந்தத் தோழர்களைப் பார்க்கையில், சிறுபான்மையாய் வாழ்ந்து பழகிய நமக்கு அவர்களின் நிலை பிறரைவிட நன்கு புரிந்திருக்க வேண்டும். அன்று அவர்களுக்குச் சோறாக்கிக் கொடுக்கிறவர்கள் எங்களில் உண்டு. அதைக் குறித்து முணுமுணுக்கிறவர்களும் உண்டு. முணுமுணுப்பவர் பக்கம் நாம் இல்லை.

ஆயினும் இவ்வளவு வாய்ப்பிருந்தும் நம்மவர் பலர் தீவோடு ஒட்டுவதில்லை. பள்ளி முடிந்ததும் அறை, அறைக்குள் கைபேசி, கைபேசிக்குள் ஊர். ஆண்டுகள் கடந்தும் திவேஹியில் பத்து வாக்கியம் பேச வராது. ஜும்ஆ குத்பாவை விளங்காமலே கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். "இங்கென்ன, நாளைக்கே போகப் போகிறோம்" என்பதே பதில். அந்த நாளை பன்னிரண்டு ஆண்டுகளாய் வரவில்லை!

திவேஹி கற்பது நமக்குக் கடினமும் அன்று. அதன் எழுத்தான 'தானா', அரபியைப் போல வலமிருந்து இடமாக எழுதப்படுவது. உயிர்க்குறிகள் அரபிக் குறிகளைத் தழுவியவை. குர்ஆன் ஓதத் தெரிந்தவருக்கு அவை புதியன அல்ல. கணித ஆசிரியர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றும் அதிலுண்டு: தானாவின் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது திவேஹியின் பழைய எண்குறிகளிலிருந்தும் பிறந்தவை. எண்களால் எழுதப்படும் ஒரு மொழி! அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் வளர்த்த முன்னோரின் வழிவந்த நாம் அதைக் கற்கச் சோம்பலாமா?

இதை மொழி ஆர்வத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வகுப்பறையே இதைக் கேட்கிறது. பாடநூலில் இரண்டு தொடர்வண்டிகள் எதிரெதிரே வருகின்றன, எப்போது சந்திக்கும் என்ற கணக்கு வரும். மலையுச்சியின் ஏற்றக்கோணம் வரும். ஆற்றைக் குறுக்கே நீந்துபவன் வருவான். மாலத்தீவில் தொடர்வண்டி இல்லை. மலையும் ஆறும் இல்லை. அந்நாட்டின் இயற்கையான மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர்தான். ஏற்றக்கோணத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், ஆனால் எதை ஏறிட்டுப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. தீவோடு வாழும் ஆசிரியர் அதே கணக்கைக் கைபேசிக் கோபுரத்துக்கு மாற்றிவிடுவார். ஆற்றில் நீந்துபவனை விட்டுவிட்டு, இரு தீவுகளுக்கிடையே நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கும் தோனியைக் கரும்பலகையில் வரைவார். சுக்கானை எவ்வளவு சாய்த்துப் பிடித்தால் நேரே துறைக்குப் போகலாம் என்பது மீன்பிடிக்கும் வாப்பாவுடன் கடலுக்குப் போய்வந்த பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கையிலேயே இருக்கிறது. அவன் கையிலிருப்பதை அவன் நோட்டுக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை. இதற்குக் கடற்கரைக்குப் போக வேண்டும், படகுக்காரரோடு பேச வேண்டும், அஸருக்குப் பின் ஜோலியில் உட்கார்ந்து ஒரு கோப்பைச் சாயா குடிக்க வேண்டும். அறைக்குள் இருக்கும் முஸாபிருக்கு இது வாய்க்காது.

பிள்ளைகளின் பெற்றோர் இவ்வேறுபாட்டை வெகு விரைவில் கண்டுகொள்வார்கள். பேசத் தெரிந்த ஆசிரியரின் வீட்டு வாசலில் மாலையில் மீன் தொங்கும். பெருநாளன்று அழைப்பு வரும். நோயுற்றால் இரவோடிரவாகப் படகேற்றி அட்டோல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நான்கு பேர் நிற்பார்கள். ('அட்டோல்' என்ற சொல்லே திவேஹியிலிருந்துதான் உலக மொழிகளுக்குப் போனது என்பதை மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.)

இனி ஊர்ப்பக்கம் வருவோம். இங்குதான் நம் கவலை பெரிது.

எங்களோடு பணிபுரிந்த கணித ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன், கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலுள்ள டியூஷனுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். "அத்தாவே சொல்லிக் கொடுக்கலாமே" என்றோம். பையன் பதில் சொல்லாமல் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். உம்மா, "லீவுல வந்திருக்காக, அவுகளப் போட்டுத் தொந்தரவு பண்ண வேணாம்னு நான்தான் சொல்லியிருக்கேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில், வீட்டுத் தலைவர் விருந்தாளியாகியிருந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா கற்றுக்கொடுத்தவரின் மகனுக்கு அல்ஜீப்ரா அடுத்த தெருவில், மாதக் கட்டணத்தில்.

அவரை யார் விருந்தாளியாக்கினார்கள்? வீட்டார் மட்டுமல்ல, நம் ஊர் வழக்கமே ஆக்கிவிட்டது. சபராளி ஊருக்கு வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி "எப்ப வந்தீங்க?" இரண்டாவது, "எப்பப் போறீங்க?" மூன்றாவது கேள்வி நம்மிடம் இல்லை. மஹல்லாவில் நன்கொடைச் சீட்டு எழுதும்போது அவர் பெயர் நினைவுக்கு வரும். மக்தபின் பாடத்திட்டத்தையோ பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மாலை வகுப்பையோ பற்றி ஆலோசிக்கும்போது வராது. பதினைந்து ஆண்டு வகுப்பறை அனுபவம் உள்ளவர், விடுமுறை மாதத்தில் பள்ளிவாசல் திண்ணையில் சும்மா அமர்ந்திருக்கிறார். நம் பிள்ளைகளோ கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒளிவின்றிப் பேசிவிட வேண்டும். வெளிநாட்டுச் சம்பளம் என்ற சொல் நம் வீடுகளில் பெரிய எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. மாலத்தீவு ஆசிரியரின் சம்பளம் ருஃபியாவில் வருகிறது. ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ மதிப்பு. ஆனால் அந்நாட்டில் டாலர் தட்டுப்பாடு நெடுநாளாக உள்ளது. வங்கி வழி அனுப்பும் தொகைக்கு வரம்பு உண்டு. வெளியில் வாங்கினால் விலை கூடுதல். எனவே கையில் வாங்கும் தொகை வேறு, ஊரில் வந்து சேரும் தொகை வேறு. இதை அறியாத உறவினர், "போன மாசத்தை விடக் குறைச்சுத்தான் வந்திருக்கு" என்று சொல்லும்போது, அங்கே ஒருவர் இரவுச் சாப்பாட்டை ரொட்டியும் டின் மீனுமாகச் சுருக்கிக்கொள்கிறார். தங்கையின் திருமணம், வீட்டுக் கடன், உம்மாவின் மருத்துவம் ஆகிய செலவுகள் மெய்யானவை. அவற்றை நாம் மறுக்கவில்லை. சபர் செய்து பொருளீட்டுவது நம் சமூகத்தின் பழைய, கண்ணியமான வழி. ஆனால் கடன் தீர்ந்த பின்னும், வீடு கட்டிய பின்னும், அந்த வீட்டுக்கு மாடி கட்டுவதற்காக இன்னும் நான்கு ஆண்டு என்று நீளும்போது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள், கணவரைப் பிரிந்து பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, போருக்குச் சென்றவர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நிறுத்திவைக்கலாகாது என்று கட்டளையிட்ட செய்தி நாம் அனைவரும் கேட்டதே. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. எல்லையைக் காக்கும் படைக்கே அந்த வரம்பு. நாம் அதை ஜும்ஆ மேடையில் கேட்டு மெச்சிவிட்டு, மணப்பேச்சில் "மாப்பிள்ளை வருஷத்துக்கு ஒருதரம் வருவாரு" என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பெண்ணிடம் தனியே கேட்டோமா?

இவ்விடத்தில் இப்னு பதூதாவை நினைக்காதிருக்க முடியவில்லை. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், அதாவது 1340களில், அவர் மாலத்தீவுக்கு வந்தார். சட்டம் கற்றவர் என்று தெரிந்தால் போகவிடாமல் காஜியாக்கிவிடுவார்கள் என்று தம்மை மறைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அன்றும் அத்தீவுகளுக்கு வெளியிலிருந்து கற்றவர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். அரசி கதீஜாவின் ஆட்சியில் காஜியாக இருந்து, அங்கேயே மணங்களும் செய்துகொண்டு, பின் மனத்தாங்கலோடு புறப்பட்டு இலங்கைக்கும், அங்கிருந்து நம் மஅபர் கரைக்கும் வந்து, மதுரைச் சுல்தானின் விருந்தினராய்த் தங்கினார். இதுவரை நம் ஊர்களில் பெருமையோடு சொல்லப்படும் கதை. சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. அவர் போன பின் தீவில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பிறகொருமுறை அங்கு வந்தபோது, ஏறத்தாழ இரண்டு வயதுள்ள அப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். தாயிடம் இருப்பதே நல்லது என்று கண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். உலகத்தையே விவரித்த அந்தப் பயண நூலில் இதற்கு மிகக் குறைந்த இடமே தரப்பட்டிருக்கிறது. பிள்ளையின் பக்கத்துக் கதையை எவரும் எழுதி வைக்கவில்லை.

அவருக்கு அன்று வேறு வழி இருந்ததோ என்னவோ. இன்று நம் ஆசிரியருக்கு இருக்கிறது. அங்கே கணவனும் மனைவியும் ஒரே தீவில் ஆசிரியப்பணி செய்யும் குடும்பங்களைக் கண்டிருக்கிறோம். பட்டம் பெற்று, பி.எட். முடித்து, திருமணத்தோடு சான்றிதழைப் பீரோவில் பூட்டிவைத்த நம் பெண்கள் எத்தனை பேர்! பள்ளிவாசலுக்கு நடந்துபோகும் தூரம், பர்தாவோடு பணிசெய்ய எந்தத் தடையுமற்ற வகுப்பறை, மாலையில் கடற்கரையில் அச்சமின்றி விளையாடும் பிள்ளைகள் என, அப்பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வெளிநாடு ஒன்றைச் சொல்வது கடினம். சம்பளத்தில் மிச்சம் குறையும் என்பது உண்மை. பிள்ளை மேல்வகுப்புக்கு வரும்போது ஊருக்குத் திரும்பியாக வேண்டும் என்பதும் உண்மை. அப்படியானால் அதுவே திரும்பும் தேதியாக இருக்கட்டும். தேதியே இல்லாத சபரைவிட அது மேல்.

குடும்பத்தை அழைத்துச்செல்ல இயலாதவர்கள், புறப்படும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து எத்தனை ஆண்டு, எதற்காக என்று பேசி எழுதிவைத்துக்கொள்வது நல்லது. கடன் எழுதிவைப்பதில் நமக்கிருக்கும் கவனம் காலத்தை எழுதிவைப்பதிலும் வேண்டும். விடுமுறையில் வருகிறவர் வந்த மறுநாளே பிள்ளையின் நோட்டை வாங்கிப் பார்க்கட்டும். வீட்டார் அவரைக் கடைக்கு அனுப்பட்டும், ரேஷன் வரிசையில் நிற்க வைக்கட்டும். மஹல்லா நிர்வாகிகள் அவரிடம் மாலை வகுப்பொன்றை ஒப்படைக்கட்டும். ஒரு மாதம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு நல்ல கணித ஆசிரியர் ஒரு மாதத்தில் பின்னங்களின் பயத்தைப் போக்கிவிடுவார்.

இவ்வாண்டு நேர்காணலுக்குப் போகவிருக்கும் இளைஞர்களுக்கும் சில சொற்கள். ஒப்பந்தத்தில் சம்பள வரியை மட்டும் படிக்காதீர்கள். தங்குமிடம் யார் தருவது, தனி அறையா பகிர்ந்த அறையா, குடும்பத்துக்கு நுழைவிசைவு கிடைக்குமா, பிள்ளையை அதே பள்ளியில் சேர்ப்பார்களா, விடுப்புப் பயணச்சீட்டு எத்தனை மாதத்துக்கு ஒன்று, இடையில் விலகினால் என்ன பிடித்தம் ஆகியவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். தீவின் பெயரை அறிந்ததும் அங்கு முன்பு வேலைசெய்தவரைத் தேடிப் பேசுங்கள். மாலேயிலிருந்து வாரத்தில் எத்தனை நாள் படகு, மழைக்காலத்தில் எத்தனை நாள் என்பதைக் கேளுங்கள். புறப்படும்போது பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் புளிக்கும் இடம் வைப்பது போலவே ஒரு திவேஹி அரிச்சுவடிக்கும் இடம் வையுங்கள். மாலேயில் இறங்கி, அடுத்த படகுக்காக இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தால் அந்நாட்களில் கஸ்ரு தொழுதுகொள்ளலாம். தீவின் துறையில் இறங்கியதும் வரும் முதல் லுஹர் நான்கு ரக்அத்.